மஞ்சள் தண்ணீரின் தடம்: ராணிப்பேட்டை குரோமியக் குவியல், ஒரு நிகழ்வு ஆய்வு

பாலாற்றுப் படுகையில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருப்பவர்கள் எப்போதாவது வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகம்தான் அது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் எழுபதுகளின் நடுவில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 1995-இல் ஆலை மூடப்பட்டது. இயந்திரம் நின்ற பிறகும் கழிவு திறந்தவெளியிலேயே கிடந்தது. மழை பெய்தால் வளாகத்தை ஒட்டி மஞ்சள் தண்ணீர் ஓடும். பக்கத்தில் புளியந்தாங்கல், சுற்றிலும் ஏரிகள், தெற்கே பாலாறு. மேற்கே பொன்னையாறு ஆந்திரத்துச் சித்தூர் பக்கமிருந்து இறங்கி வந்து பாலாற்றில் சேர்கிறது. வடக்கே சித்தூர் சாலையில் கொஞ்ச நேரம் போனால் மாநில எல்லையே வந்துவிடும்.

இந்த இடத்தைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் முதல் கல்லூரி மாணவர்கள் வரை பலர் வந்து மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சீரமைப்புக்கு முன்னுரிமை கொடுத்த இடங்களில் கேரளத்து ஏலூரோடு ராணிப்பேட்டையும் இருக்கிறது. இருந்தும் பக்கத்து ஊரில் கிணறு வைத்திருப்பவர் ஒருவரிடம் போய், “உங்கள் தண்ணீரில் குரோமியம் கூடுகிறதா, குறைகிறதா?” என்று கேட்டால் அவர் கையில் பதில் இல்லை. ஒரே கிணறுகளை, ஒரே முறையில், வருடா வருடம் அளந்து கிணற்றுக்காரருக்குச் சொல்லும் வழக்கம் வரவில்லை என்பதே காரணம். இப்படிப்பட்ட இடத்தை எப்படித் துருவ வேண்டும், எங்கெல்லாம் ஏமாந்து போவோம் என்பதை இந்தக் குவியலை வைத்தே சொல்கிறேன்.

முதலில் குவியலின் அளவு

களத்துக்குப் போகும் முன் காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலை இது. 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியல் போட்டது. அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. அங்கே 15 லட்சம் டன் திடக்கழிவு, 2 ஹெக்டேர் பரப்பில், 3 முதல் 5 மீட்டர் உயரத்துக்குக் கிடப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த எண் பிறகு பல கட்டுரைகளில் அப்படியே ஏறிவிட்டது.

அவர்கள் கொடுத்த அளவுகளையே பெருக்கிப் பாருங்கள். 2 ஹெக்டேர் என்றால் 20,000 சதுர மீட்டர். உயரத்தை அதிகபட்சமாக 5 மீட்டர் என்றே வைத்தாலும் ஒரு லட்சம் கன மீட்டர்தான் வரும். கன மீட்டருக்கு 2 டன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 2 லட்சம் டன். 15 லட்சம் டன் அந்தப் பரப்பில் நிற்க வேண்டுமானால் குவியல் 37 மீட்டர் உயரம், அதாவது பன்னிரண்டு மாடி இருக்க வேண்டும். எங்கோ ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறது என்பது தெளிவு. இங்குள்ள செய்திகளில் வரும் எண் 2 லட்சம் டன்னுக்குச் சற்று மேல், இந்தப் பெருக்கலுக்கு ஒத்துவருவதும் அதுதான்.

பூஜ்யம் ஒன்று கூடினால் செலவும் பத்து மடங்காகும். செலவைப் பார்த்து மலைத்துக் கோப்பை மூடிவைப்பது நம் ஊரில் சுலபம். குவியலைச் சர்வே எடுத்து, அடிமட்டம் எங்கே என்று துளையிட்டுப் பார்த்து, அளவை உறுதிசெய்வதுதான் எந்த ஆய்வுக்கும் முதல் படி. மேலே தெரிவது மட்டும் குவியல் அல்ல. ஆலை ஓடிய காலத்தில் பள்ளம் நிரப்பவும் பாதை போடவும் இதே கழிவைக் கொட்டியிருந்தால், அது மண்ணுக்குள் இருக்கும். பழைய வரைபடம், பழைய செயற்கைக்கோள் படம், அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களின் நினைவு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் எங்கே துளை போடுவது என்றே சொல்ல முடியும். அந்தத் தொழிலாளர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களிடம் பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கழிவு எப்படி உண்டானது

குரோமைட் தாதுவைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுப்பார்கள். தாதுவில் மூவிணைதிறம் என்ற வடிவில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து ஆறிணைதிறம் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறி, தண்ணீரில் கரையும் சோடியம் குரோமேட் ஆகும். அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து எடுத்துக்கொண்டு சக்கையைக் கொட்டிவிடுவார்கள். சக்கையில் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். சுண்ணாம்பு இருப்பதால் அது கடும் காரத்தன்மையோடும் இருக்கும். புதுச் சக்கையில் பி.எச் 11, 12 என்று சாதாரணமாகக் காட்டும்.

ஆலை தயாரித்த பேசிக் குரோமியம் சல்பேட் தோல் பதனிடப் பயன்படுவது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், அதற்குப் பக்கத்துச் சந்தை. ஆக ஒரே வட்டாரத்தில் குரோமியம் இரண்டு வழியாக மண்ணுக்கு வந்திருக்கிறது. ஒன்று குரோமேட் ஆலையின் சக்கை, மற்றொன்று தோல் ஷாப்புகளின் கழிவுநீர். இந்த இரண்டையும் பிரிக்காமல் எடுக்கும் எந்த முடிவும் நிற்காது.

எந்தக் குரோமியம்?

மூவிணைதிறக் குரோமியம் மந்தமான ஆள். நடுநிலையான தண்ணீரில் கரையாமல் சேற்றோடு படிந்துவிடும், அதிகம் நகராது. ஆறிணைதிறம் அதற்கு நேர்மாறு. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். தூசியாக மூச்சில் போனால் புற்றுநோய் வரவழைக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும். உலகெங்கும் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிப் போனது மருத்துவத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவாகி வரும் விஷயம்.

தோல் ஷாப்புக் கழிவில் வருவது பெரும்பாலும் மூவிணைதிறம், அதோடு தோலைப் பதப்படுத்திய உப்பு. எனவே தோல் கழிவு பட்ட கிணறு உப்புக் கரிக்கும், குளோரைடும் சோடியமும் எகிறும். ஆனால் குரோமியம் பெரும்பாலும் சேற்றிலேயே தங்கிவிடும். குரோமேட் சக்கையிலிருந்து கசிந்த தண்ணீரிலோ ஆறிணைதிறம் இருக்கும், கார குணமும் சேர்ந்து வரலாம், குளோரைடு அவ்வளவாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கிணற்றில் உப்பு மிக அதிகம், குரோமியம் இல்லை என்றால் கை தோல் ஷாப்புப் பக்கம் நீளும். உப்பு சுமார், ஆறிணைதிறம் அதிகம் என்றால் குவியல் பக்கம். இரண்டும் இருந்தால் இரண்டும்தான். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போகும்போது இந்த விகிதங்கள்தான் பேசும்.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி எடுக்கும் மின்தடை அளவீட்டை மட்டும் நம்பி மாசுப் பரப்பை வரைபவர்கள் இங்கே இடறுவது இதனால்தான். மின்தடை குறைந்தால் கரைந்த உப்பு அதிகம் என்று மட்டும்தான் பொருள். அது தோல் உப்பா, குரோமேட்டா என்று கருவிக்குத் தெரியாது. துளை போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அது நல்ல உதவி. முடிவு சொல்லத் தண்ணீரைத்தான் எடுத்தாக வேண்டும்.

பாட்டிலில் நடக்கும் தவறு

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ் 10500-படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு நீர் கிடைக்காவிட்டால் கொஞ்சம் கூடலாம் என்று சில பொருட்களுக்குத் தரும் சலுகை குரோமியத்துக்குக் கிடையாது. தண்ணீர் மஞ்சளாகத் தெரிவதற்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலாவது குரோமேட் வேண்டும். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற நேரத்தில் அது வரம்பைப் போல இருபது மடங்கு. தெளிவாக இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று இங்கே யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கிணற்றுக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்.

உலோகச் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் வழக்கமாகப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. ஆறிணைதிறத்துக்கு அது கேடு. அமிலம் பட்டால், தண்ணீரில் உள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து ஆறிணைதிறம் மூவிணைதிறமாக இறங்கிவிடும். ஆய்வகம் நேர்மையாக அளந்து “ஆறிணைதிறம் இல்லை” என்று எழுதும். கிணற்றுக்காரர் நிம்மதியாக அந்தத் தண்ணீரைக் குடிப்பார். எனவே ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பாட்டில் தேவை. ஒன்றில் அமிலம். மற்றொன்றில் அமிலம் கூடாது. அதைக் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். காலையில் எடுத்தால் மறுநாள் காலைக்குள் சென்னை ஆய்வகத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள்கிழமை ஒப்படைக்கிற வேலை இதற்கு ஆகாது.

களத்திலேயே ஒரு சோதனை செய்யலாம், செய்யவும் வேண்டும். கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி தண்ணீர், கொஞ்சம் அமிலம், அப்புறம் டைபினைல்கார்பசைடு கரைசல் சில சொட்டு. ஆறிணைதிறம் இருந்தால் சில நிமிடங்களில் ஊதாச் சிவப்பு ஏறும். குறைவாக இருந்தால் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் தெரியும், அளவு கூடக் கூட நிறம் அழுத்தமாகும். துல்லியமான எண் அதில் வராது. ஆனால் கிணற்று மேட்டில் சுற்றி நிற்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். ஆய்வக அறிக்கை நூறு காட்டினாலும் இந்தக் குழாய் கொடுக்கும் நம்பிக்கை அவர்களுக்கு வராது. பக்கத்திலேயே சுத்தமான தண்ணீரிலும் அதே சொட்டுகளை விட்டுக் காட்டிவிட வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் மருந்தால் வந்ததல்ல என்று புரியும்.

துளை போடுவதிலும் கவனம்

இந்தப் பகுதியில் மேலே மண், அதன் கீழே மொரம்பு, அப்புறம் சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புள்ள கெட்டிப் பாறை. பாலாற்றை நெருங்க நெருங்க மணல் படிவு சேர்ந்துகொள்ளும். மாசு முதலில் சிதைந்த பாறையில் பரவும், பிறகு வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கும். இரண்டு ஆழங்களுக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் குழாய் வேண்டும். ஒரே போரில் மேலிருந்து கீழ்வரை ஓட்டை போட்ட குழாய் இறக்கினால், மேலே உள்ள விஷத்தை நாமே கீழே இறக்க வழி வெட்டிக்கொடுத்ததாகும். குவியலின் நடுவில் போர் வண்டியை நிறுத்தி அடிமட்டம் வரை தட்டுவதும் அதே தப்பு. மேல் அடுக்கைக் கேசிங் போட்டு, பென்டோனைட் களிமண்ணால் அடைத்த பிறகே கீழே போக வேண்டும்.

குழாய் பி.வி.சி-யாக இருக்கட்டும். இரும்புக் குழாய் ஆறிணைதிறத்தைத் தானே ஒடுக்கி, அளவைக் குறைத்துக் காட்டும். காற்றழுத்தத்தில் துளையிடும்போது எழும் தூசி சாதாரணத் தூசி அல்ல. வேலை செய்பவர்களுக்கு நல்ல முகமூடியும் கையுறையும் கொடுத்து, வெளிவரும் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். கழிவைத் தேக்குகிற இடத்தில் அலட்சியம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதை இதே சிப்காட் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள்.

மண் மாதிரிக்கு ஒரு குறிப்பு மட்டும். அபாயகரக் கழிவு விதிகளின்படி செய்யும் கசிவுச் சோதனையில் அசிட்டிக் அமிலக் கரைசல் பயன்படுகிறது. இந்தச் சக்கையில் இருக்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தை விழுங்கிவிடும். மழைத் தண்ணீரில் என்ன கரையும் என்று தெரிய, வெறும் தண்ணீரில் கலக்கிப் பார்க்கும் சோதனையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

பொதுவாகப் பார்த்தால் நிலத்தடி நீர் தெற்கே பாலாற்றை நோக்கி நகரும். ஆனால் “பொதுவாக” என்பதை வைத்து யாருடைய கிணற்றையும் காப்பாற்ற முடியாது. ஏரிக்கரை ஓரத்து இடத்தில் திசை வருடம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் போனால் ஏரித் தண்ணீர் கரையோர மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தை உயர்த்தும். சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டால் ஓட்டம் ஏரிப் பக்கமே திரும்பலாம். நடுவில் ஒருவர் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டினால் சுற்றுவட்டத் தண்ணீர் முழுவதும் அந்தக் கிணற்றை நோக்கி இழுபடும். மாசும் கூட வரும்.

எனவே நீர்மட்டத்தை அளக்கும் நேரம் முக்கியம். மும்முனை மின்சாரம் வருவதற்கு முன், மோட்டார்கள் ஓய்ந்திருக்கும்போது, எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் அளந்துவிட வேண்டும். திசை சொல்லக் குறைந்தது மூன்று கிணறுகள் தேவை. அவற்றின் வாய்மட்டம் ஒரே குறியிலிருந்து லெவல் எடுத்திருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது இன்னொரு முறையும் அளக்கலாம். அப்போதுதான் எந்தக் கிணறு மாசை இழுக்கிறது என்று பிடிபடும்.

பருவமும் அப்படியே. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், குவியலின் அடி காய்ந்திருக்கும். மழைக்குப் பின் மட்டம் ஏறி அடிப்பகுதியைத் தொட்டால் புதிதாகக் குரோமேட் கரையும். மே மாதம் மட்டும் எடுத்த எண்ணை வைத்து “குறைந்துவிட்டது” என்று சொல்வது தவறு. மத்திய நிலத்தடி நீர் வாரியமே ஆண்டுக்கு நான்கு முறை கிணற்று மட்டம் அளக்கிறது. மாசுக்குக் குறைந்தது மேயிலும் ஜனவரியிலுமாவது எடுக்க வேண்டும்.

கரையில் ஓர் ஆலை: பால்டிமோர்

இதே சக்கை, இதே மஞ்சள், வேறொரு தண்ணீர்க் கரை. அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டி 1845 முதல் 1985 வரை ஒரு குரோமேட் ஆலை ஓடியது. நிலத்தடி நீர் வழியே குரோமியம் துறைமுகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 1989-இல் அரசுடன் சட்டப்படி உடன்பாடு வந்தது. கட்டடங்களை இடித்து, வளாகத்தைச் சுற்றி மண்ணும் பென்டோனைட்டும் கலந்த ஆழமான நிலத்தடிச் சுவர் எழுப்பினார்கள். மேலே பல அடுக்கு மூடி போட்டார்கள். உள்ளே நீர்மட்டத்தை வெளியே இருப்பதைவிடத் தாழ்வாக வைக்க இன்றும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். சுவரில் கீறல் விழுந்தாலும் வெளித் தண்ணீர் உள்ளே வருமே தவிர, உள் தண்ணீர் வெளியே போகாது. இப்போது அந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் நிற்கின்றன.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. பால்டிமோரில் சுவரின் அடி இறுகி உட்கார ஓர் அடித்தளம் கிடைத்தது. ராணிப்பேட்டையில் வெடிப்புள்ள பாறைக்குள் சுவரை எவ்வளவு இறக்கினாலும் அடியில் வழி இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: உள் மட்டம், வெளி மட்டம் இரண்டையும் விடாமல் அளக்கிற பழக்கம்.

முழுவதையும் அள்ளிக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2 லட்சம் டன் என்றால் 20 டன் லாரிக்குப் பத்தாயிரம் நடை. ஒவ்வொரு நடையிலும் தூசி, ஒவ்வொரு ஊரின் நடுவிலும் சாலை. ஃபெரஸ் சல்பேட் கரைசல் செலுத்தி ஆறிணைதிறத்தை மூவிணைதிறமாக்கலாம், தண்ணீரில் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் சக்கையின் துகளுக்குள் சிக்கியிருக்கும் குரோமேட் மெதுவாக வெளியே வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து எண் மறுபடி ஏறும். என் கணிப்பில் மழை உள்ளே போகாத மூடியும், தெற்குப் பக்கம் இறைத்துச் சுத்திகரிக்கும் கிணறுகளும் உடனே வர வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமே அடையாளம் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. ராணிப்பேட்டை 2019 முதல் தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் தூரத்தில் இல்லை.

ஆட்சியரிடம் கேட்பதற்கு ஒரு நடைமுறை யோசனை. குவியலுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள குடிநீர்க் கிணறுகளையும் பாசனக் கிணறுகளையும் எண் போட்டு, மேயிலும் ஜனவரியிலும் அதே கிணறுகளில், இரண்டு பாட்டில் முறையில் சோதிக்க வேண்டும். மே மாத முடிவை ஆகஸ்ட் 15 கிராம சபையிலும், ஜனவரி முடிவை மே 1 கிராம சபையிலும் கிணற்று எண் சொல்லி வாசிக்க வேண்டும். நகராட்சிப் பகுதியில் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். 0.05-ஐத் தாண்டிய கிணற்றுக்காரருக்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்காமல், முடிவு வந்த அன்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லி, குடிக்க மாற்றுத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.